பழையாற்றில் விடும் சாக்கடை நீருக்கு வரம்பு எவ்வளவு? யார் முடிவு செய்வது?

ஒழுகினசேரிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

பாதாள சாக்கடை என்று இங்கே யார் இழை தொடங்கினாலும், தோண்டின ரோட்டை மூடவில்லை, வண்டி குழியில் இறங்கிவிட்டது என்று பேச்சு ரோட்டோடு நின்றுவிடுகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் குழாய் வழியாகச் சேரும் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி எங்கே போகும், போகும்போது எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை நாம் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை. நாகர்கோவிலின் நில வாட்டத்துக்கு ஓடைகள் பெரும்பாலும் பழையாற்றைத்தான் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து சுசீந்திரம், அப்புறம் மணக்குடிக் காயல், கடைசியில் கடல்.

சட்ட நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, உள்ளாட்சி அமைப்பே ஆனாலும் கழிவுநீரை ஆற்றில் விட மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். அந்த ஆணையோடு ஓர் அட்டவணை வரும். பிஓடி (அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், கலங்கல் துகள் இத்தனை, மலக்கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) இத்தனை என்று. ஆணையின் மற்ற பக்கங்களெல்லாம் சம்பிரதாயம். ஆற்றைக் காப்பதும் கைவிடுவதும் அந்த அட்டவணைதான்.

2017 அக்டோபரில் மத்திய அரசு சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வரம்பு அறிவித்தது. பெருநகரங்களுக்கு பிஓடி 20, நம்மைப் போன்ற ஊர்களுக்கு 30. கலங்கல் துகள் நமக்கு 100 வரை போகலாம். மலக்கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 1000. நைட்ரஜனும் பாஸ்பரசும் அட்டவணையிலேயே இல்லை. இத்தனைக்கும் 2015 நவம்பரில் வெளியிட்ட வரைவில் பிஓடி 10, மொத்த நைட்ரஜன் 10 என்று இருந்தது. இறுதி அறிவிப்புக்கு வரும்போது தளர்ந்துபோனது. பிறகு 2019 ஏப்ரல் 30 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பிஓடி 10, கலங்கல் துகள் 20, சிஓடி (ரசாயன முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை) 50, மொத்த நைட்ரஜன் 10, ஏரி குளங்களில் விட்டால் பாஸ்பரஸ் 1 என்று சொன்னது. பெரிய ஊருக்கு ஒன்று, சின்ன ஊருக்கு ஒன்று என்று வைக்கவும் வேண்டாம் என்றது.

30-ஆ 10-ஆ என்று சண்டை போடலாம். ஆனால் என் ஆதங்கம் வேறு. இரண்டுமே பிரம்மபுத்திராவுக்கும் பழையாற்றுக்கும் ஒரே எண். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதே 1974 சட்டத்தின் 17(1)(k) பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஆற்றில் மழையில்லாக் காலத்தில் கிடைக்கும் குறைந்தபட்ச நீரோட்டம் எவ்வளவு, கழிவு கலந்த பிறகு அந்த ஆறு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அந்த ஆற்றுக்கென்றே தரம் வகுப்பதை மாநில வாரியத்தின் கடமைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷமாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பழையாற்றுக்கு அதைக் கேட்க வேண்டியது நாம்.

தோவாளை விவசாயி

நல்ல விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள் தம்பி. மழையில்லாக் காலம் என்றால் என்ன என்று எங்களிடம் கேளுங்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் ஜூன் மாதம் கால்வாயில் விடுவார்கள், கன்னிப்பூ, முதல் போக நெல், நடக்கும். அது முடிந்து இரண்டாம் போகம் கும்பப்பூ. பிப்ரவரி கடைசியில் அடைத்துவிடுவார்கள். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் பழையாற்றில் வருவது ஊற்றுத் தண்ணீரும் வயலில் வடிந்ததும்தான். கோடை மழை நன்றாகப் பெய்த வருஷம் தப்பித்தது. பெய்யாத வருஷம் ஒழுகினசேரிப் பாலத்துக்குக் கீழே நிற்பதில் பாதிக்கு மேல் சாக்கடை என்று மூக்கே சொல்லிவிடும்.

மார்த்தாண்டத்தான் (இப்போது ஓஹையோ)

நான் இங்கே அமெரிக்காவில் இதே துறையில் இருக்கிறேன். நகராட்சி சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுமதி எழுதும் முறையைச் சொல்கிறேன். நம்மூருக்கு எது பொருந்தும் என்று நீங்களே பாருங்கள்.

1972-ல் வந்த தூய நீர்ச் சட்டத்தின் கீழ், ஆற்றில் கழிவு விடும் ஒவ்வொரு குழாய்க்கும் தனி அனுமதி. அதிகபட்சம் ஐந்து வருஷம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். வரம்பை இரண்டு வழியில் கணக்கிடுவார்கள். முதல் வழி, தொழில்நுட்பத்தால் யாருக்கும் முடியக்கூடிய அளவு. நாடு முழுக்க ஒன்றே: பிஓடி மாத சராசரி 30, வார சராசரி 45, வருவதில் குறைந்தது 85 சதவீதத்தை நீக்கியிருக்க வேண்டும். கலங்கல் துகளுக்கும் இதேதான். இது அடித்தளம். இதைவிடத் தளர்வாகப் பொதுவாக யாருக்கும் எழுத மாட்டார்கள்.

இரண்டாவது வழி, அந்த ஆறு எவ்வளவு தாங்கும் என்பது. இங்கே வேலை மெனக்கெட்டுச் செய்வார்கள். பத்து வருஷத்தில் ஒரு முறை வரக்கூடிய மிக வறண்ட ஏழு நாள் சராசரி நீரோட்டத்தை எடுத்துக்கொள்வார்கள். அந்த வறட்சியிலும், கழிவு கலந்த பிறகு ஆற்றின் தரம் தாழாமல் இருக்க எவ்வளவு விடலாம் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுவார்கள். இரண்டு வழியில் எது கடுமையோ அதுதான் அனுமதியில் ஏறும். சின்ன ஓடையில் விடும் ஊர்களுக்கு இரண்டாவதுதான் கடுமையாக வரும். பெரிய நதியில் விடுபவர்களுக்குப் பல நேரம் முதலாவதே போதும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். அங்கேயும் 30, இங்கேயும் 30 என்று ஒப்பிடக் கூடாது. இங்கே அது மாத சராசரி. நம்மூரில் எந்த நேரம் எடுத்தாலும் தாண்டக் கூடாத உச்சவரம்பு. இங்கே சோதனை 20 டிகிரியில் ஐந்து நாள், அங்கே 27 டிகிரியில் மூன்று நாள். சோதனை முறை வேறுபாடு பெரிதாகப் பாதிக்காது. ஆனால் சராசரியா உச்சமா என்பது நிலையத்தை வடிவமைப்பதையே மாற்றிவிடும்.

ஒழுகினசேரிக்காரன்

மிக்க நன்றி. அதே முறையில் பழையாற்றுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நீரோட்ட எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல. அளந்து தர வேண்டியது நீர்வளத் துறை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாகர்கோவில் 2,24,849 பேர். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்று வடிவமைப்புக் கையேடு சொல்கிறது. அதில் 80 சதவீதம் சாக்கடையாக வரும், அதாவது 108 லிட்டர். பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 2.4 கோடி லிட்டர். அணை நிலவரம் படிக்கிற நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் வினாடிக்கு ஏறத்தாழ 10 கனஅடி. 2019-ல் மாநகராட்சி ஆன பிறகு ஊர் இன்னும் பெரிதாகிவிட்டது, அதை விட்டுவிடுவோம்.

கோடையில் ஆற்றிலும் 10 கனஅடிதான் ஓடுகிறது, அது ஓரளவு நல்ல தண்ணீர், பிஓடி 2 என்று வையுங்கள். அதில் பிஓடி 30 உள்ள 10 கனஅடி சுத்திகரித்த நீர் விழுகிறது. சரிபாதி கலப்பு, கலந்த நீரில் பிஓடி 16. குளிக்கத் தகுந்த ஆறு என்றால் பிஓடி 3-க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஆக, நிலையம் இசைவாணையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாலும் ஆறு ஐந்து மடங்கு கெட்டுப்போகும். யார் மேலும் நடவடிக்கை எடுக்க முடியாது, ஏனென்றால் யாரும் விதியை மீறவில்லை.

திருப்பிப் போட்டால், கலந்த பிறகு 3 நிற்க வேண்டுமானால் குழாயில் வருவது 4-க்குள் இருக்க வேண்டும். ஆற்றில் 90 கனஅடி ஓடினாலும் 12-க்குள். 30 என்ற எண் இந்த ஆற்றுக்குப் பாதுகாப்பாக இருக்க, பிஓடி 2 உள்ள நல்ல தண்ணீர் 270 கனஅடி ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அது வரலாம். சித்திரையில் எங்கிருந்து வரும்?

ஓய்வுபெற்ற ஏ.இ.

நான் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) இருந்தவன். உங்கள் கணக்கில் குறை காண வரவில்லை. ஆனால் இப்போதிருக்கும் நிலையையும் அதே தாளில் எழுதுங்கள். சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையில் பிஓடி 250 என்று வைத்தால், உங்கள் 2.4 கோடி லிட்டரில் நாளொன்றுக்கு 6 டன். சுத்திகரித்து 30-க்குக் கொண்டுவந்தால் சுமார் 720 கிலோ. 10-க்குக் கொண்டுவந்தால் 240 கிலோ. 6 டன்னிலிருந்து 720 கிலோவுக்கு வருவதுதான் பெரிய பாய்ச்சல். 4 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சவ்வு வடிகட்டி வைத்த நிலையம் வேண்டும். கட்டும் செலவு கூடும், மின்சாரச் செலவு கூடும், சவ்வு மாற்றும் செலவு சில வருஷத்துக்கொரு முறை வரும். டெண்டருக்கு ஆள் வராமல் இன்னும் சில வருஷம் போனால், அத்தனை நாளும் 6 டன் போய்க்கொண்டிருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் நிலையம் கட்டி முடித்துத் திறப்பு விழாவும் நடந்தது. வீட்டு இணைப்பு கொடுக்கவில்லை. கொள்ளளவில் கால்வாசி கூட வராமல் ஏரேஷன் (காற்றூட்டும்) தொட்டியில் பாக்டீரியாவுக்கே சாப்பாடு இல்லை. இசைவாணை அட்டவணைப்படி எல்லாம் சரியாக இருந்தது! ஊர்ச் சாக்கடை பழையபடி ஓடையில் போனது. வரம்பு பற்றிப் பேசும்போது, ஊரில் உற்பத்தியாகும் சாக்கடையில் எத்தனை சதவீதம் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மில்லிகிராம் கணக்கு மட்டும் போதாது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுதினால், வெளியேறும் நீரில் நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் எண் சரியாகிவிடும், ஆற்றுக்குப் போகும் அழுக்கு அதேதான். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று சுமை வரம்பும் வேண்டும்.

மார்த்தாண்டத்தான்

ஏ.இ. சார் சொன்னது இரண்டும் முக்கியம். இங்கே அனுமதியில் மில்லிகிராமும் இருக்கும், எடைக் கணக்கும் இருக்கும். 85 சதவீதம் நீக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஓரளவு இதற்காகத்தான். மழைத் தண்ணீர் குழாயில் புகுந்து சாக்கடை நீர்த்துப்போனால், வெளியேறும் எண் தானாகக் குறைந்துவிடும், சதவீதம் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

உடனே முடியாத வரம்புக்கு இங்கே கால அட்டவணை போடுவதும் உண்டு. இன்று இந்த அளவு, இத்தனை வருஷத்தில் அந்த அளவு, இடையில் எந்தத் தேதிக்குள் எந்த வேலை முடிய வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதுவார்கள். இறுதி எண்ணை முதலிலேயே எழுதிவிடுவதுதான் இதில் முக்கியம். அது தெரிந்தால்தான் நிலையத்தைக் கட்டும்போதே பின்னால் சேர்க்க இடம் விட்டுக் கட்டுவார்கள்.

இன்னொரு செய்தி. 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. "உன் கழிவால் கடலின் தரம் கெடக் கூடாது" என்று பொதுவாக எழுதி நகரத்தின் தலையில் கட்டும் நிபந்தனை செல்லாது, நகரம் என்ன செய்ய வேண்டும் என்பதை அனுமதி கொடுப்பவரே தெளிவாக எழுத வேண்டும் என்றார்கள். ஐந்துக்கு நான்கு என்று பிரிந்த தீர்ப்பு. சூழல் ஆர்வலர்களுக்கு அது பின்னடைவு என்று இங்கே பேச்சு. எனக்கும் வருத்தம்தான், ஏனென்றால் பொதுவான அந்த வாசகம் கடைசிக் காவலாக இருந்தது. ஆனால் அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது: கணக்குப் போட்டு எண்ணை எழுதாமல் தப்பிக்க முடியாது. பழையாறு மாசுபடக் கூடாது என்று மனுவில் எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் எதுவும் செய்யவும் மாட்டார்கள்.

குழித்துறை ஆற்றங்கரை

எங்கள் குழித்துறைத் தாமிரபரணிக்கும் இதே கணக்குதானே? எங்கள் ஆற்றில் குடிநீர்த் திட்டங்களுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

ஒழுகினசேரிக்காரன்

முறை அதேதான், எண் மாறும். குடிநீர் எடுக்கும் இடம் கீழே இருந்தால் மலக்கோலிஃபார்மும் நைட்ரேட்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மணக்குடிக் காயல்

எல்லோரும் சுசீந்திரத்தோடு நிறுத்திவிட்டீர்கள். ஆறு எங்கள் ஊரில்தான் முடிகிறது. ஆற்றில் கொண்டுவருவது எல்லாம் எங்கள் காயலில்தான் தங்குகிறது. கோடையில் பொழிமுகம், அதாவது காயல் கடலோடு சேரும் வாய், மணல் ஏறி அடைபட்டுக் கிடக்கும். அப்போது தண்ணீர் கடலுக்கும் போகாது, கடல் தண்ணீர் உள்ளேயும் வராது. அந்த நாளில் ஆறு கொண்டுவருவதற்குப் போக்கிடமே கிடையாது. காயலில் நண்டு, இறால், சிப்பி பொறுக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி எடுப்பார்கள். சொறி, புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து தருவார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நீங்கள் பிஓடி பிஓடி என்கிறீர்கள். மீன் சாவதற்கு அது ஒன்றுதான் காரணமா?

லேப் டெக்னீஷியன், வடசேரி

அண்ணே, நல்ல கேள்வி. நான் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன். மீனைப் பொறுத்தவரை அம்மோனியா பெரிய எதிரி. சாக்கடையில் யூரியா உடைந்து அம்மோனியாவாக வரும். தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாகத் தொடாது, மற்றது செவுள் வழியாக நேரே உள்ளே போகும். இரண்டாவது எவ்வளவு என்பதை வெப்பமும் பிஎச்சும் (தண்ணீரின் அமில, கார அளவு) தீர்மானிக்கும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் ஏழெட்டு சதவீதம். பிஎச் 9 ஆனால் பாதியை நெருங்கிவிடும். பாசி பிடித்த குளத்தில் நல்ல வெயிலில், மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு பிஎச் 9-ஐத் தொடுவது சர்வ சாதாரணம். காலையில் எடுத்த சாம்பிளில் எல்லாம் நன்றாக இருக்கும், சாயங்காலம் மீன் மிதக்கும்.

அம்மோனியாவுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற நாலரை கிராம் ஆக்சிஜனை ஆற்றிலிருந்து இழுக்கும். நாங்கள் செய்யும் மூன்று நாள் பிஓடியில் இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதனால் பிஓடி 30 என்று பாஸ் ஆன தண்ணீர், அணைக்கட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் இடத்தில் ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டே இருக்கும். பழையாற்றில் அணைக்கட்டுகள் அதிகம். ஓட்டம் இல்லாத தண்ணீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை மெதுவாகத்தான் வாங்கும்.

ஆக்சிஜன் சோதனையை நேரில் பார்த்தால் யாருக்கும் மறக்காது. 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரைப் பிடித்து, ஆற்றங்கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும், அப்புறம் காரம் கலந்த அயோடைடும் விடுவோம். ஆக்சிஜன் இருந்தால் உடனே பழுப்பு நிறத்தில் மேகம் மாதிரி கிளம்பி அடியில் படியும். நிறைய இருந்தால் அடர்ந்த பழுப்பு, குறையக் குறைய வெளிறிப்போகும். ஒன்றுமே இல்லாவிட்டால் பால்வெள்ளை. சித்திரை மாதம், நகர ஓடை ஒன்று சேரும் இடத்துக்குக் கீழே எடுத்த குப்பியில் வெள்ளையாகவே நின்றது. குலுக்கிப் பார்த்தேன், மாறவில்லை. அந்தத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சு ஒரு மணி நேரம் தாங்காது.

ஒழுகினசேரிக்காரன்

தங்கச்சி எழுதினதை அப்படியே மனுவில் வைக்கலாம். குளோரினைப் பற்றியும் சொல்லுங்களேன். கோலிஃபார்ம் வரம்பு கேட்டால் குளோரினைக் கொட்டிவிடுவார்கள் என்று ஒரு பயம் எனக்கு இருக்கிறது.

லேப் டெக்னீஷியன், வடசேரி

பயம் சரிதான். சாக்கடையில் 100 மில்லிக்கு ஒரு கோடி கோலிஃபார்ம் இருப்பது வழக்கம். 1000-க்குக் கொண்டுவர 99.99 சதவீதம் கொல்ல வேண்டும். 90 சதவீதம் கொன்றாலும் இன்னும் 10 லட்சம் மிச்சம். அதனால் ஆபரேட்டர் கூடுதலாகவே போடுவார். நம் நாட்டுப் பொது வரம்பில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை உள்நாட்டு நீர்நிலையில் விடலாம். அமெரிக்காவில் நன்னீர் உயிர்களுக்கு நாள்பட்ட அளவுகோல் 0.011. ஏறக்குறைய 90 மடங்கு வித்தியாசம். கோலிஃபார்ம் வரம்பு எழுதினால் குளோரின் வரம்பும் கூடவே எழுத வேண்டும். அல்லது புற ஊதாக் கதிர் விளக்கு வைக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கல் துகள் 100 உள்ள தண்ணீரில் அந்த விளக்கு பயன்படாது. ஒரு வரம்பைத் தளர்த்தினால் இன்னொன்றும் சேர்ந்து சரியும் என்பதற்கு இது உதாரணம்.

மாதிரி எடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு நாள் பதினோரு மணிக்கு ஒரு குப்பி பிடித்தால் அது அந்த நிமிஷத்தின் தண்ணீர். காலையில் ஊரே குளித்துத் துவைத்த தண்ணீர் நிலையத்தைக் கடந்து வெளியே வருவது வேறு நேரம். பிஓடிக்கும் நைட்ரஜனுக்கும் 24 மணி நேரம் சேர்த்துப் பிடித்த கலவை மாதிரி வேண்டும். கோலிஃபார்முக்கு மட்டும் தனிக் குப்பி: கிருமி நீக்கியது, உள்ளே தயோசல்பேட் போட்டது. தயோசல்பேட் இல்லாவிட்டால் லேபுக்கு வரும் வழியிலேயே குளோரின் மிச்சத்தையும் கொன்றுவிடும், ரிப்போர்ட் அழகாக வரும்.

செப்டிக் டேங்க் லாரிகளும் நிலையத்துக்குத்தான் வரும். அந்தக் கழிவின் பிஓடி பல ஆயிரம். நாலைந்து லாரியை ஒரே நேரத்தில் இறக்கினால் அன்றைக்கு நிலையம் தடுமாறும். எத்தனை லாரி, எந்த நேரம் என்பதும் நிபந்தனையில் வர வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏ.இ.

லாரி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. அனுபவித்திருக்கிறேன்.

அம்மோனியாவைக் குறைக்க ஏரேஷன் நேரத்தைக் கூட்டினால் போதும், அது பெரிய செலவு இல்லை. நம்மூர் வெப்பத்தில் அந்த பாக்டீரியா நன்றாக வளரும், குளிர்நாட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி. மொத்த நைட்ரஜன் 10 என்றால் காற்றில்லாத் தொட்டி ஒன்று தனியாக வேண்டும், அதுவும் இன்றைக்குப் பல நிலையங்களில் வைக்கிறார்கள். பாஸ்பரசுக்குப் படிகாரம் மாதிரி ரசாயனம் போட்டு வீழ்த்தலாம், கசடு கூடும். ஆக பிஓடி 10, அம்மோனியா 5, நைட்ரஜன் 10 வரை போவதில் எனக்கு மறுப்பு இல்லை. 4 என்பதில்தான் தயக்கம்.

தோவாளை விவசாயி

எனக்கு ஒரு யோசனை. கோடை மூன்று மாதம் ஆற்றுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது என்கிறீர்கள். எங்களுக்கு அந்த மூன்று மாதம்தான் தண்ணீரே கிடையாது. வாழைக்கும் தென்னைக்கும் கொடுங்களேன். நைட்ரஜன் இருந்தால் உரச் செலவு மிச்சம். பூவுக்கு வேண்டாம், பிச்சியும் மல்லிகையும் கையால் பறித்துத் தலையில் வைப்பது. கீரைக்கும் வேண்டாம். மரப்பயிருக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம்.

ஒழுகினசேரிக்காரன்

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது சட்டத்திலேயே இருக்கிறது. 17(1)(k)-க்கு முந்தின வரியைப் பாருங்கள். வருஷத்தின் பெரும்பகுதி போதிய நீரோட்டம் இல்லாத ஆறுகள் உள்ள இடத்தில் கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சும் முறைகளை வகுக்க வேண்டும் என்கிறது. பாசனத்துக்கு விடுவதற்கான பொது வரம்பு பிஓடி 100 என்று தளர்வாக இருக்கிறது. ஆனால் நாம் ஆற்றுத் தரத்துக்கே சுத்திகரித்துக் கேட்போம், ஏனென்றால் வயலில் இறங்கி வேலை செய்பவர்கள் மனிதர்கள்.

ஏ.இ. சார் தயங்கும் அந்த 4-க்கும் இதுவே பதில். ஆற்றில் நீரோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஆற்றில் விடும் அளவைக் குறைத்து, மிச்சத்தை நிலத்துக்குத் திருப்ப வேண்டும். 10 கனஅடியில் 9-ஐத் தென்னந்தோப்புக்கு அனுப்பிவிட்டு, பிஓடி 10 உள்ள 1 கனஅடியை மட்டும் ஆற்றில் விட்டால், 10 கனஅடி ஆற்றுநீரோடு கலந்து 2.7 வரும். அதே நிலையம்தான், சவ்வும் வேண்டாம். நீரோட்டத்தை அளக்கும் கருவி ஒன்று ஆற்றில் வேண்டும், தோப்புகளுக்குக் குழாய் வேண்டும்.

மார்த்தாண்டத்தான்

பருவத்துக்கொரு வரம்பு இங்கே சாதாரணம். அம்மோனியாவுக்குக் கோடையில் ஓர் எண், குளிர்காலத்தில் ஓர் எண் என்று ஒரே அனுமதியில் இரண்டு பத்தி இருக்கும். இரண்டு பருவமழையும் வாங்கும் நம் மாவட்டத்துக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

ஒழுகினசேரிக்காரன்

மனு வரைவு. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"பழையாறு, 2022-ல் ராம்சர் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள்) பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர் ஈரநிலப் பகுதியை ஒட்டிச் சென்று மணக்குடிக் காயலில் சேர்கிறது. எனவே நாகர்கோவில் சாக்கடைச் சுத்திகரிப்புக்கு வழங்கும் அல்லது புதுப்பிக்கும் இசைவாணையில், 1974 நீர்ச் சட்டம் 17(1)(k) பிரிவின்படி பழையாற்றின் கோடைகாலக் குறைந்தபட்ச நீரோட்டத்தை அளந்து, அதன் அடிப்படையில் வரம்பு வகுக்கக் கோருகிறோம். எந்த நிலையிலும் 2019 பசுமைத் தீர்ப்பாய அளவுகளைவிடத் தளர்வாக அது இருக்கக் கூடாது. அம்மோனியா நைட்ரஜன் 5, எஞ்சிய குளோரின் கண்டறிய இயலாத அளவு எனத் தனியே குறிப்பிட வேண்டும். பிஓடி, நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றுக்கும் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற சுமை வரம்பும் வேண்டும். ஊரில் உருவாகும் சாக்கடையில் நிலையத்தை வந்தடையும் பங்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கால்வாய் அடைப்புக் காலத்தில் சுத்திகரித்த நீரை மரப்பயிர்ப் பாசனத்துக்குத் திருப்ப வேண்டும். 24 மணி நேரக் கலவை மாதிரியின் முடிவுகளைத் தமிழில், மாதந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்."

லேப் டெக்னீஷியன், வடசேரி

மாதிரியை நிலையத்தின் வாசலில் மட்டும் எடுத்தால் போதாது. குழாய்க்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், சுசீந்திரம் பாலம், காயல் என்று ஆற்றிலும் எடுக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்க வேண்டும், அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். பிஎச்சும் அம்மோனியாவும் மத்தியானம்.

ஓய்வுபெற்ற ஏ.இ.

"இறுதி வரம்பை இப்போதே குறிப்பிட்டு, அதை எட்டுவதற்கான காலக்கெடுவையும் இசைவாணையிலேயே எழுத வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் நிதி இல்லை என்று முழு மனுவையும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

மணக்குடிக் காயல்

நேற்று ராத்திரி ஊர்க் கமிட்டியில் இதை வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் எழுந்து கேட்டார்கள்: பொழிமுகம் அடைபட்டுக் கிடக்கும் நாளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று. கால்வாய் அடைப்பும் பொழி அடைப்பும் எப்போதும் ஒரே நாட்களில் வருவதில்லை. அதைச் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறோம் என்கிறார்கள்.

ஒழுகினசேரிக்காரன்

மூன்றையும் சேர்த்துவிட்டேன். உங்கள் ஊருக்கான வரி இது: "மணக்குடிப் பொழிமுகம் மூடியிருக்கும் நாட்களில், கால்வாய் நிலவரம் எதுவாயினும், சுத்திகரித்த நீரை ஆற்றில் விடுவதைக் குறைந்தபட்ச அளவுக்குக் கட்டுப்படுத்தி, பாஸ்பரஸ் 1 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொழி மூடுவதையும் திறப்பதையும் பதிவு செய்யும் பொறுப்பை மீன்வளத் துறைக்கு அளிக்க வேண்டும்."

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறேன். ஒரு பிரதி மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, ஒன்று மாநகராட்சிக்கு. தோவாளை அண்ணாச்சி, அடுத்த விவசாயிகள் கூட்டத்தில் பாசனப் பகுதியை நீங்கள் எழுப்புங்கள். மனு எண் கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.

தோவாளை விவசாயி

போடுங்க தம்பி. தோப்புக்காரர்கள் பெயரை நான் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.